மூன்றாம் சிலிண்டர் வரை எட்டும் பிளக் ஸ்பேனர்

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் வைத்திருப்பவர்கள் யாராவது ஸ்பார்க் பிளக் கழற்ற எந்த ஸ்பேனர் வாங்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்: கழுத்தில் மூட்டு வைத்து, டி வடிவக் கைப்பிடியோடு, ஒரே உருப்படியாக வருகிற 21 மி.மீ. பிளக் ஸ்பேனர். ராட்செட் கைப்பிடி, எக்ஸ்டென்ஷன் கம்பி, யுனிவர்சல் ஜாயின்ட் என்கிற மூட்டு, பிளக் தலையில் மாட்டும் சாக்கெட் என்று தனித்தனியாக வாங்கி, ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறங்க வேண்டாம். அந்த நான்குக்கும் கொடுக்கிற காசில் பாதிகூட இதற்கு ஆகாது. ஆனாலும் மூன்றாம் சிலிண்டர் பிளக்கைத் தொல்லையில்லாமல் வெளியே எடுக்கவும், மரை கெடாமல் புதியதை உள்ளே போடவும் என் கைக்கு வந்தவற்றில் இதுதான் சரியானது. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். பழைய வண்டியில் ஒரு ஹெட் (பிளக் மாட்டுகிற சிலிண்டர் மூடி) கெட்டுப்போனால் அதற்கு நல்லதாக இன்னொன்று தேடுவது எவ்வளவு பாடு என்று தெரிந்தவர்களுக்கு நான் இவ்வளவு நீளமாக எழுதுவது பெரிதாகத் தெரியாது.

நாங்கள் இருப்பது டர்பனில், மியர்பேங்க். என் அப்பா கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். அவருடைய அம்பாசிடரில் பிளக் கழற்றுவது ஒரு வேலையே இல்லை. பானெட்டைத் திறந்தால் எஞ்சினின் பக்கவாட்டில் நான்கும் வரிசையாக நிற்கும். ஹெட் வார்ப்பிரும்பு, கொஞ்சம் முரட்டுக் கையையும் தாங்கும். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, கல்யாணமாகி இங்கே வந்த பிறகு மாமனாரின் பீட்டில் முற்றிலும் வேறு பாடமாக இருந்தது. 1974 மாடல், 1600 சிசி. தென்னாப்பிரிக்காவில் பீட்டிலுக்குத் தனி இடம் உண்டு. போர்ட் எலிசபெத் பக்கத்து யூட்டன்ஹேக் தொழிற்சாலையில் 1951 முதல் 1979 வரை இங்கேயே செய்தார்கள். அதனால் மாமனார் வயதுக்காரர்களில் பீட்டில் ஓட்டாதவர்கள் குறைவு. மாமனாருக்கு இப்போது குனிய முடிவதில்லை. வண்டியைப் பார்த்துக்கொள்வது நான்.

எஞ்சின் பின்னால் இருக்கிறது. தண்ணீரால் அல்ல, விசிறிக் காற்றால் குளிரும் ஏர்-கூல்டு வகை. நான்கு சிலிண்டர்களும் படுத்த நிலையில், வலது பக்கம் 1, 2, இடது பக்கம் 3, 4. பின்மூடியைத் திறந்து குனிந்தால் 2-உம் 4-உம் நம் பக்கம் இருக்கும். 1-உம் 3-உம் உள்ளே தள்ளி. இவற்றில் மூன்றுதான் ஆக மோசம். விசிறியின் உறையான விசிறிக்கூண்டுக்குக் கீழே, இன்டேக் குழாய்க்கும் எஞ்சினைச் சுற்றிய தகட்டுக்கும் நடுவே ஒளிந்திருக்கும். நின்ற இடத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விசிறிக்கூண்டிலிருந்து ஹீட்டருக்கு இறங்கும் தடித்த காற்றுக் குழாயைக் கழற்றி ஒதுக்கினால் கொஞ்சம் இடம் கிடைக்கும். அப்போதும் நேரான குழாய் ஸ்பேனரைப் பிளக் தலையில் உட்கார வைத்தால், அதைத் திருப்பும் கம்பி எதிலாவது போய் முட்டும். கால் சுற்று திருப்பு, கம்பியை உருவு, மறுபடி செருகு, மறுபடி கால் சுற்று. இப்படியே போகும்.

இதில் இன்னொரு வேதனை. பழைய பீட்டில்களில் ஆயில் கூலர் விசிறிக்கூண்டுக்கு உள்ளேயே மூன்றாம் சிலிண்டருக்கு மேலே நின்று, அதற்குப் போகவேண்டிய குளிர்காற்றை மறிக்கும். 1971 மாடல் வாக்கில்தான் கூலரைத் தள்ளி வைத்துத் தனிக் கூண்டு கொடுத்தார்கள். அதற்கு முந்தைய எஞ்சின் என்றால், கையெட்டாத பிளக்தான் அதிகச் சூட்டிலும் வேகிற பிளக். அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டியது அதைத்தான். பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான். எங்கள் வண்டி ஒரு பட்டறையில் சர்வீஸ் ஆகி வந்தபோது பில்லில் நான்கு பிளக் என்று எழுதியிருந்தது. நான் கழற்றிப் பார்த்தபோது மூன்று இடங்களில் புதியவை. மூன்றாம் சிலிண்டரில் வேறு கம்பெனியின் பழைய பிளக், அறுகோணத் தலையெல்லாம் துரு. பட்டறையின் பெயர் இங்கே தேவையில்லை. ஆனால் உங்கள் வண்டியிலும் ஒருமுறை அந்த மூன்றாவதைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

பிளக் ஏன் இறுகிப்போகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் ஸ்பேனரின் அருமை தெரியும். பிளக்கின் உடல் எஃகு, ஹெட் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் ஈரத்தோடு ஒட்டி நின்றால் அரிப்பு வரும், அந்த அரிப்பு மரைகளுக்கு நடுவே வெள்ளைப் பொடியாகப் படிந்து இறுகும். எங்கள் மியர்பேங்க் மாதிரி கடற்காற்று அடிக்கிற இடத்தில் இது சீக்கிரம் நடக்கும். அதோடு அலுமினியம் சூட்டில் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகி ஆறும்போதும் மரைக்குள் ஓர் இழுபறி. இதற்கு மேல் யாராவது முழு பலத்தோடு முறுக்கி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். இப்படி இறுகிய பிளக்கைக் கழற்ற வேண்டியது பலம் அல்ல, நேர்மை. திருப்பும் விசை பிளக்கின் அச்சோடு நேராகப் போக வேண்டும். சாக்கெட் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பீங்கான் உடையும், அல்லது அறுகோணத்தின் முனை மழுங்கும், அல்லது அலுமினிய மரையைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

முதலில் நான் பயன்படுத்தியது தனித்தனித் துண்டுகள்தான். ராட்செட் கெடோர் கம்பெனியுடையது. பைன்டவுன் பக்கத்து நியூ ஜெர்மனியில் அவர்கள் தொழிற்சாலையே இருக்கிறது. அருமையான கருவி, இன்றும் மற்ற எல்லா வேலைக்கும் அதுதான். சிக்கல் வேறு இடத்தில். சாக்கெட்டும் மூட்டும் சேருகிற இடத்தில் ஒரு சின்னக் குண்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாக்கெட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் பிளக்கின் பீங்கானை இறுக்கமாகக் கவ்வியிருக்கும். வெளியே இழுக்கும்போது எது முதலில் விடும்? குண்டுதான். மூட்டும் எக்ஸ்டென்ஷனும் கையோடு வந்துவிடும். சாக்கெட் மட்டும் மூன்றாம் சிலிண்டரின் குழியில் பிளக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றித் தகடு, விரல் போகாது. மூக்குப் பிளையரால் பிடித்தால் வழுக்கும். எண்ணெய்க் கையோடு அரை நாள் அப்படிப் போனதும், துண்டு துண்டாகச் சேர்த்த கருவி இந்த வேலைக்கு உதவாது என்று முடிவு செய்தேன். அந்த இணைப்பில் டேப் சுற்றிப் பிடித்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். வேலை ஓடும், ஆனால் டேப் சுற்றிய இடம் தடித்துத் தகட்டின் துளையில் உரசும்.

இப்போது இருக்கிற ஸ்பேனரைப் பற்றி. பெரிய பெயர் எதுவும் அதில் இல்லை. இதே வடிவத்தைப் பல கம்பெனிகள் செய்கின்றன, வடிவம்தான் முக்கியம். நீளம் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வரும். மேலே குறுக்குக் கம்பி, இரண்டு பக்கமும் நகர்த்தலாம். நடுவில் வைத்தால் டி வடிவம், ஒரு பக்கமாகத் தள்ளினால் எல் வடிவம். கீழே சாக்கெட், அதன் தலைக்கு உடனே மேலே மூட்டு. மூட்டு ஆணியால் அடித்துச் சேர்க்கப்பட்டது, கழலாது. எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்த ஒன்றுதான். சாக்கெட்டின் சுவர் மெல்லியது, அதனால் தகட்டின் துளைக்குள் உரசாமல் இறங்குகிறது. உள்ளே கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று பிளக்கின் வெள்ளைப் பீங்கானைக் கவ்வுகிறது. காந்தம் வைத்த சாக்கெட்டுகளும் கிடைக்கின்றன. இந்த வண்டிக்கு ரப்பர்தான் என் தேர்வு. பீங்கானை நேராகப் பிடித்துக்கொள்வது ரப்பர்; காந்தம் பிளக்கைத் தூக்கும், நேராக நிறுத்தாது.

கழற்றும் முறை. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், தொட்டால் சுடக்கூடாது. சூட்டில் கழற்றினால் சுலபம் என்று இங்கே பழைய ஆட்கள் சிலர் சொல்வார்கள். சூட்டில் அலுமினிய மரை மிருதுவாக இருக்கும், பிளக்கோடு கிளம்பிவிடும். முதல் நாள் மாலையே பிளக்கைச் சுற்றித் துரு நீக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டுவிடுவேன். மறுநாள் கேபிளை அதன் தொப்பியைப் பிடித்து இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. அப்புறம் ஸ்பேனரை இறக்கி, அது முழுதாக உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்க்க முடியாத இடம் என்பதால் கையால்தான் தெரியும்: ரப்பர் பீங்கானைத் தாண்டும்போது ஒரு மெல்லிய தடை, பிறகு சாக்கெட் அறுகோணத்தில் விழும் ஒரு தட்டு. அந்தத் தட்டு வராமல் திருப்பவே கூடாது.

குறுக்குக் கம்பியை நடுவில் வைத்து, இரண்டு கையாலும் சமமாகத் திருப்ப வேண்டும். ராட்செட்டில் விசை ஒரு பக்கமாகத்தான் போகும். டி கைப்பிடியில் இரண்டு கையும் ஒன்றையொன்று சரிக்கட்டும், பிளக் சாயாது. இளகியதும் முழுக்கக் கழற்றிவிடக் கூடாது. அரைச் சுற்று இளக்கிவிட்டு ஸ்பேனரை வெளியே எடுத்து, குழிக்குள் காற்றடித்து மணலையும் தூசியையும் வெளியேற்ற வேண்டும். பீட்டிலின் குழியில் எவ்வளவு மணல் சேரும் என்று பார்த்தால் அசந்துபோவீர்கள். அத்தனையும் சிலிண்டருக்குள் விழக் காத்திருக்கிறது. பிறகு அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, மறுபடி வெளியே. கிரீச் என்று சத்தம் வந்தால் அங்கேயே நின்று இன்னும் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். எங்கள் மூன்றாவது பிளக் இப்படித்தான் முனகிக்கொண்டே வந்தது. வந்த மரையில் வெள்ளைப் பொடி இருந்தது, அலுமினியம் இல்லை. அன்றைக்கு இந்த ஸ்பேனருக்குக் கொடுத்த காசு முழுக்கத் திரும்பி வந்துவிட்டது.

மாட்டுவதுதான் கழற்றுவதைவிடப் பெரிய வேலை. பிளக் கழற்றும்போது கெடுகிற மரையைவிட, கோணலாக மாட்டிக் கெடுகிற மரைகள்தான் அதிகம். புதிய பிளக்கின் மரை எஃகு, ஹெட்டின் மரை அலுமினியம். கோணலாக நுழைந்து ஸ்பேனரால் திருகினால் எஃகு தனக்கென்று புதுவழி வெட்டிக்கொண்டு போகும். நிறுத்தாது, எச்சரிக்காது. அதனால் முதல் சில சுற்றுகளை ஸ்பேனரால் தொடவே கூடாது. பிளக்கின் மேல்முனையில் மாட்டுகிற அளவுக்கு ஒரு சாண் ரப்பர் குழாய் போதும். பெட்ரோல் குழாயோ, மீன்தொட்டிக் காற்றுக் குழாயைவிடக் கொஞ்சம் தடித்ததோ, எதுவானாலும் சரி. பிளக்கை அதில் செருகி, குழிக்குள் விட்டு, குழாயை விரலால் உருட்டுங்கள். முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருப்பினால் மரை மரையோடு சேரும் இடத்தில் ஒரு சின்ன இறக்கம் தெரியும். அங்கிருந்து சரியான பக்கம் திருப்புங்கள். நேராகப் போனால் உருண்டுகொண்டே போகும். கோணல் என்றால் குழாய் பிளக்கின் தலையில் வழுக்கும், பிளக் திரும்பாது. மரையைக் கெடுக்கும் அளவுக்கு விசை கொடுக்கக் குழாயால் முடியாது, அதனால்தான் அதை நம்பலாம். ஸ்பேனர் விற்பவர்கள் பெட்டியோடு இதையும் ஒரு துண்டு போட்டுக் கொடுக்கலாம்.

விரலுக்கு இறுகியதும் குழாயை உருவிவிட்டு ஸ்பேனரை இறக்குங்கள். எவ்வளவு இறுக்குவது? அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. மரைப் பிளக்குக்கு, பிளக் செய்யும் என்ஜிகே கம்பெனி சொல்வது 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ஆனால் இந்த ஸ்பேனரில் இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சு மாட்ட வழியில்லை, மாட்டினாலும் மூட்டு சாய்ந்த கோணத்தில் அளவு சரியாக வராது. இதைப் பெரிய குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணம் கோணக் கணக்கு. வாஷர் வைத்த புதுப் பிளக்கென்றால், வாஷர் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை. அதற்குள் வாஷர் நசுங்கி அமரும், நசுங்குவது கையில் தெரியும். ஏற்கெனவே பயன்படுத்திய பிளக்கைத் திரும்ப மாட்டினால் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றுதான். கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் தூரம், அவ்வளவே. டி கைப்பிடியில் எவ்வளவு திரும்பியது என்பது கண்ணெதிரே நிற்பதால் இந்தக் கணக்கு வைப்பது எளிது.

கிரீஸ் தடவலாமா என்பது பெரிய சண்டை. பூச்சுள்ள மரைக்குத் தேவையில்லை என்பது என்ஜிகேயின் கருத்து; தடவினால் மரை வழுக்கி, அதே விசையில் கூடுதலாக இறுகிவிடும். கடற்கரை ஊர்க்காரர்கள் செப்புக் கிரீஸ் இல்லாமல் பிளக் போடமாட்டார்கள். நான் ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்ப்பதால் தடவுவதில்லை. வண்டியை நீண்ட நாள் நிறுத்தி வைப்பவர்கள் தடவுவது நியாயம்தான்; மெல்லிய ஒரு கோடு, மரையின் நடுப்பகுதியில் மட்டும், இறுக்கும்போது கொஞ்சம் குறைத்து.

பிளக் எண்ணையும் பார்த்து வாங்குங்கள். எங்கள் எஞ்சினுக்கு என்ஜிகேயின் பி5ஹெச்எஸ். கடையில் அவசரத்தில் பி5இஎஸ் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் ஓர் எழுத்துதான் வேறு, ஆனால் ஹெச் என்றால் மரையின் நீளம் 12.7 மி.மீ., இ என்றால் 19. அந்தக் கூடுதல் 6 மி.மீ. எரி அறைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டனில் தட்டவில்லை என்றாலும், நீட்டிய மரையில் கரி படிந்து சுட்டு இறுகும். பிறகு கழற்றும்போது அந்தக் கரிதான் ஹெட்டின் மரையை வழித்துக்கொண்டு வரும். எந்த நல்ல ஸ்பேனரும் அதைத் தடுக்காது. பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்று காட்டும் சூட்டு எண்ணிலும் கவனம் வேண்டும்: என்ஜிகேயில் எண் குறைந்தால் சூடான பிளக், பாஷ், சாம்பியனில் எண் கூடினால் சூடான பிளக். பெட்டியைப் பார்த்து ஒப்பிட்டு மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். பொறி பாயும் முனைகளுக்கு நடுவே இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ., பெட்டியிலிருந்து எடுத்ததையும் அளந்துதான் போட வேண்டும்.

இனி ஸ்பேனரின் குறைகள். மூட்டு தளர்வாகத் தொங்குகிறது. இறக்கும்போது சாக்கெட் ஒரு பக்கமாக விழுந்து தகட்டின் விளிம்பில் இடிக்கும். ஒரு விரலால் தாங்கித்தான் குழிக்குள் விட வேண்டியிருக்கிறது. மூட்டில் ஒரு சின்ன ஸ்பிரிங் வைத்து விறைப்பாக்கியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அடுத்து, பளபளப்பான பூச்சு எண்ணெய்க் கையில் வழுக்குகிறது. குறுக்குக் கம்பிக்கு நான் சைக்கிள் கைப்பிடி ரப்பர் போட்டிருக்கிறேன். ரப்பர் வளையமும் எண்ணெயில் ஊறி நாளாக ஆக உப்பும், பிறகு தளரும். தளர்ந்த ரப்பர் ஸ்பேனரை எடுக்கும்போது பிளக்கோடு பீங்கானிலேயே தங்கிவிடும். பெட்டியில் உபரி வளையம் வைக்கவில்லை. பெரிய குறை இது, ஏனென்றால் முழு ஸ்பேனரின் உயிரும் அந்த வளையத்தில் இருக்கிறது. வேலை முடிந்ததும் துணியால் துடைத்து வைத்தால் நாள் வரும்.

வேலை முடிந்து கேபிள் தொப்பியை மாட்டும்போது அதன் ரப்பர் வட்டு தகட்டின் துளையை முழுதாக மூடியதா என்று தடவிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் குளிர்விக்கும் காற்று அந்தத் துளை வழியாக வெளியேறிவிடும். ஏற்கெனவே சூட்டில் தவிக்கும் மூன்றாம் சிலிண்டருக்கு அது நல்லதல்ல.

மற்ற வண்டிகளுக்கு இந்த ஸ்பேனர் உதவுமா? பக்கத்துத் தெருவில் ஃபோர்ட் கோர்ட்டினா வைத்திருக்கும் தம்பி ஒருவர் வாங்கிப் போய் முயன்றார். அவருடையது 2 லிட்டர் ஓஎச்சி (கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலே இருக்கும் வகை) எஞ்சின். அந்தப் பிளக் 18 மி.மீ. மரை, வாஷர் கிடையாது, கூம்பு வடிவில் நேராக ஹெட்டில் அமரும். கூம்பு என்றால் விரலுக்கு இறுகிய பிறகு பதினாறில் ஒரு பங்குச் சுற்றுதான். வாஷர் வைத்ததைப் போல் அரைச் சுற்று திருப்பினால் அடுத்த முறை கழற்ற இரண்டு பேர் வேண்டும். அவருக்கு மூட்டு தேவையே இல்லை, இடம் தாராளம். மினியில் பிளக் நான்கும் கிரில்லுக்குப் பின்னால் முன்பக்கமே நிற்கும், எந்த ஸ்பேனரும் போதும். அல்ஃபா ட்வின் கேமிலும், ஜாகுவார் ஆறு சிலிண்டரிலும் பிளக் ஹெட்டின் நடுவில் மேலே இருக்கும். எட்டுவது சுலபம், ஆனால் அந்தப் பள்ளத்தில் நீரும் எண்ணெயும் தேங்கும், காற்றடிக்காமல் தொடக்கூடாது. ஆக, இந்த ஸ்பேனரின் முழுப் பயனும் பீட்டிலுக்கும், ஃபோக்ஸ்வாகனின் வேனான கோம்பிக்கும்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. முதலாம் சிலிண்டரின் பிளக்கை அந்தப் பழைய பட்டறை கோணலாகத் திணித்து வைத்திருந்தது. இதே ஸ்பேனரால், அதே பொறுமையோடுதான் கழற்றினேன். ஆனாலும் மரையில் வெள்ளிநிறச் சுருள் ஒன்று சுற்றிக்கொண்டு வந்தது. அது ஹெட்டின் மரை. கருவியால் காப்பாற்ற முடிவது சரியாக மாட்டிய பிளக்கை மட்டும்தான்.

சாட்ஸ்வர்த்தில் வீட்டின் பின்புறம் ஏர்-கூல்டு எஞ்சின் வேலை மட்டும் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பலகை கிடையாது, கேட்டால் தெருவே வழி சொல்லும். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். சுருளைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "எஞ்சினை இறக்கிடலாம்மா, வண்டியில வெச்சே செய்ய வேணாம்," என்றார். பீட்டில் எஞ்சினை கியர் பாக்ஸோடு பிடித்திருப்பது நான்கு போல்ட். காலையில் ஜாக் வைத்து இறக்கியவர் வெயில் ஏறுவதற்குள் ஹெட்டை பெஞ்சில் வைத்துவிட்டார். கம்பிச் சுருள் வகையான ஹெலிகாயில் போடுவாரோ என்று நினைத்தேன். இதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிளக் அடிக்கடி வந்துபோகும் இடத்தில் சுருள் சில சமயம் பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்துவிடுமாம். அவர் போட்டது கெட்டியான புஷ், அதாவது உள்ளேயும் வெளியேயும் மரை உள்ள உலோக வளையம். மரை வெட்டும் கருவியான டேப்பின் வாய்க்காலில் கிரீஸ் அப்பி, அலுமினியச் சீவல் அதிலேயே ஒட்டும்படி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று வெட்டினார். டேப்பை வெளியே எடுத்துத் துடைத்து, புதுக் கிரீஸ் அப்பி, மறுபடி. கிரீஸில் மின்னிய சீவலைக் காட்டி, "இதெல்லாம் உள்ள விழுந்திருக்க வேண்டியது," என்றார். புஷ்ஷை ஹெட்டின் மட்டத்துக்குக் கீழே ஒரு நூலளவு இறக்கி உட்கார வைத்து, புதுப் பிளக்கை விரலாலேயே கடைசி வரை திருகிக் காட்டினார். இந்த ஊரில் ஏர்-கூல்டு வண்டி வைத்திருப்பவர்களுக்கு, மரை போனால் போக வேண்டிய இடம் அதுதான். கூலி மற்ற பட்டறைகளைவிடக் கூடுதல், நேரமும் எடுப்பார். இரண்டுக்கும் தகுதியான வேலை.

வாங்கப் போகிறவர்கள் கையோடு ஒரு பழைய பிளக்கை எடுத்துப் போங்கள். இப்போது பல கடைகளில் முன்னால் தொங்குவது புது வண்டிகளுக்கான 16 மி.மீ.; நமக்கு வேண்டியது 20.8, அதைத்தான் 21 என்றும் 13/16 இன்ச் என்றும் எழுதியிருப்பார்கள். பிளக்கைக் கடையிலேயே சாக்கெட்டில் செருகி, தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். விழக்கூடாது. பிறகு இழுத்துப் பாருங்கள். இரண்டு விரலால் வர வேண்டும். மூட்டு ஆணியால் அடித்ததா, குண்டால் மாட்டியதா என்று பாருங்கள், குண்டென்றால் வேண்டாம். ஐந்நூறு ரேண்டுக்குள் கிடைக்கும். உபரி ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். கிடைத்தால் அன்றைக்கே இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.